என் மகளுக்கு நான் வைத்த பிளக்ஸ் போர்டு

மீனா, அருண்,

ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படிங்க. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அப்பா பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போனவன். லீவு கேட்டு எழுதியதைத் தவிர வேறெதுவும் நீளமாக எழுதிப் பழக்கமில்லை. முன்னப்பின்ன இருந்தால் அருண் சிரிக்கக் கூடாது.

இது உங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான். வேறு யாரும் படிக்கலாமா வேண்டாமா என்பதை மீனா முடிவு பண்ணட்டும். அவள் சரி என்று சொல்லாமல் உங்க அம்மாவுக்குக்கூட இதை அனுப்ப மாட்டேன்.

1

முந்தாநாள் மத்தியானம் சைட்டில் சாப்பாட்டு நேரம். மஸ்கட்டில் இப்போது வெயில் மண்டையைப் பிளக்கிறது. பன்னிரண்டரைக்கு வேலையை நிறுத்தினால் மூன்றரைக்குத்தான் மறுபடி ஏணியில் ஏற விடுவார்கள். ஒரு பெரிய கடைக் கட்டிடத்துக்கு ஏ.சி. காற்று போகிற தகரக் குழாய் மாட்டுகிறோம். பதினாலு வருஷமாக இதே வேலைதான். கட்டிடம் மாறும், குழாய் மாறாது.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனை எடுத்தேன். போன் தானாக ஒரு படத்தை எடுத்து நீட்டியது. 'ஒரு வருடத்துக்கு முன் இதே நாளில்' என்று மேலே எழுதியிருந்தது. அந்த பிளக்ஸ் போர்டு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாகர்கோவில் அண்ணே எட்டிப் பார்த்தார்.

"யாரு, மகளா? டாக்டரா?"

"இல்லண்ணே. பிசியோதெரபி."

"பெரிய ஆளா இருப்பா போலயே. ரோட்டுல போர்டெல்லாம் வச்சிருக்காவ!"

சிரித்து வைத்தேன். டப்பாவை மூடி வைத்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தேன்.

மீனா, உனக்கு இது தெரிந்த கதை. அருணுக்குப் பாதிதான் தெரியும். ஆனால் என் பக்கத்திலிருந்து யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சமாதானம் சொல்வதற்காக எழுதவில்லை. எப்படி நடந்தது என்று எழுதுகிறேன், அம்புட்டுதான்.

2

நாலு வருஷப் படிப்பு முடிந்து, ஆறு மாசம் ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும் என்று நீ சொன்னபோது நான் முதலில் கேட்ட கேள்வி, "சம்பளம் எம்புட்டு?" என்பதுதான்.

"சம்பளமெல்லாம் கிடையாதுப்பா. இது படிப்புல சேர்ந்தது. மாசாமாசம் நோட்டுல கையெழுத்துப் போட்டு சீல் வச்சுத் தருவாங்க. ஆறு சீல் இருந்தாத்தான் பட்டம்."

ஆனையூரிலிருந்து ரெண்டு பஸ் மாறி, எட்டு மணிக்கு முன்னால் போய் நிற்பாய். சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து காபி குடிக்கிற நேரமும், நான் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் ரூமுக்குத் திரும்புகிற நேரமும் ஒன்றாக இருக்கும். அந்த முக்கால் மணி நேரம் உன் நேரம். பஸ்ஸில் எல்லாரும் தூங்குவார்கள், நான் காதில் வயரை மாட்டிக்கொண்டு நீ பேசுவதைக் கேட்டுக்கொண்டு வருவேன்.

உன் வெள்ளைக் கோட்டில் குத்தியிருந்த அட்டையில் பேர்கூட இல்லை, 'இன்டர்ன்' என்று மட்டும் இருந்தது. அங்கே எல்லாரும் "ஏம்மா இன்டர்ன்" என்றுதான் கூப்பிடுவார்கள். பொறுப்பில் இருக்கிற மேடம், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இன்டர்ன், அந்த வெந்நீர்ப் பை எங்க?" என்று கேட்பதை நீ அப்படியே நடித்துக் காட்டுவாய். வீல்சேர் தள்ளுவது, சுடுபை சூடு பண்ணுவது, சீனியர்கள் எழுத வேண்டிய குறிப்பை நீ எழுதி அவர்கள் கையெழுத்து மட்டும் போடுவது, எல்லாம் உன் தலையில். உட்கார ஒரு நாற்காலி கிடையாது. மருந்துக் கடைக்குப் பின்னால் இருக்கிற படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பாய்.

"இன்னைக்கு ஒரு அம்மா என்னைய ஆயான்னு நெனச்சு பெட்பேன் கேட்டாங்கப்பா."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது, எடுத்துக் குடுத்தேன். அவசரத்துல இருக்கவங்ககிட்ட என் படிப்பையா சொல்லிக்கிட்டு நிப்பேன்?"

நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அப்போது அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

3

ரெண்டாவது மாசம் அந்த அய்யா வந்தார். அழகர்கோவில் பக்கத்து விவசாயி. பேரை இங்கே எழுத மாட்டேன், ஒரு தடவை ஊருக்கே காட்டியது போதும். பக்கவாதம் வந்து இடது காலும் கையும் விழுந்துவிட்டது. வாய் லேசாகக் கோணியிருந்தாலும் பேச்சு மட்டும் குறையவில்லை என்று சொன்னாய்.

அவரை ரெண்டு பக்கமும் கம்பி இருக்கிற நடைப்பாதையில் நிறுத்தினால் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார். "ஏத்தா, இது என்ன கூண்டா? நான் என்ன கரடியா?" என்று கேட்டாராம். சீனியர்கள் ரெண்டு பேர் முயற்சி பண்ணிவிட்டு, ஒத்துழைப்பு இல்லை என்று எழுதி உன்னிடம் தள்ளிவிட்டார்கள்.

நீ தரையில் ஒரு முழம் இடைவெளி விட்டு ரெண்டு நீள டேப் ஒட்டினாய்.

"அய்யா, இது வரப்பு. ரெண்டு பக்கமும் நாத்து நட்டிருக்கு. மிதிச்சுப்புடாதீங்க."

"யாரு வயலு?"

"எங்க அப்பாவோடது."

"உங்கப்பன் எங்கத்தா?"

"மஸ்கட்ல இருக்காரு."

"அங்கிட்டுப் போயி என்னத்த நடுறான்?"

இதை நீ சொன்னபோது பஸ்ஸில் நான் சத்தமாகச் சிரித்து, முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் முழித்துக்கொண்டார். எங்கப்பாவிடம் சொந்தமாக ஒரு சென்ட் வயல்கூட இருந்ததில்லை. மற்றவர்கள் வயலில் நாற்றுக் கட்டு சுமந்தவர் அவர். நீ எனக்கு ஒரு வயல் கொடுத்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் மூணு அடி. நாற்று பாழாகிவிடக் கூடாது என்று அந்த மனுசன் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தாராம். ஒரு வாரத்தில் ஆறு. நீ குனிந்தபடியே அவர் பாதத்தைப் பிடித்துத் திருப்பி வைத்துக்கொண்டே பின்னால் நகர்வாய். வீட்டுக்கு வந்து இடுப்பு வலிக்கிறது என்று தரையில் படுத்துக்கொண்டே என்னிடம் பேசுவாய். முப்பத்தைந்தாவது நாளோ என்னமோ, யாரும் பிடிக்காமல் பதினொரு அடி நடந்தார்.

4

அதற்கு மறுநாள் அவர் மகன் சால்வையும் லட்டு டப்பாவும் வாங்கிக்கொண்டு வந்தார். பெரிய டாக்டர் இறங்கி வந்தார். அவருக்கு ஒரு சால்வை, மேடத்துக்கு ஒரு சால்வை. எல்லாரும் வரிசையாக நின்றார்கள்.

அன்றைக்கு நீ போன் பண்ணினபோது குரலே வேறாக இருந்தது.

"'ஏம்மா இன்டர்ன், இந்தா போனு, எல்லாரும் வர்ற மாதிரி எடு'ன்னு சொன்னாங்கப்பா. நான்தான் போட்டோ எடுத்தேன்."

"நீ அதுல இல்லையா?"

"நான் எப்படிப்பா இருப்பேன்? அந்த அய்யா மட்டும், 'அந்தப் புள்ள எங்கடா?'ன்னு கேட்டாரு. அவரு மகன், 'போட்டோ எடுக்குதுப்பா'ன்னு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. லட்டு எனக்கு வர்றப்போ டப்பா காலி."

நீ அழுதாய். சத்தமில்லாமல் மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தாய். நான் என்ன கேட்டேன் என்பது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது.

"எவன் அந்த டாக்டரு? பேரச் சொல்லு."

"பேரெல்லாம் எதுக்குப்பா?"

"அந்த ஆஸ்பத்திரி ஓனரு யாரு? எந்த ஊர்க்காரன்?"

"விடுங்கப்பா. சும்மா உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு வீடியோ அனுப்பினாய். அந்த அய்யா பதினொரு அடி நடந்ததை அவர் மகன் எடுத்து உனக்கு அனுப்பியிருந்தார். அதன் கீழே எழுதியிருந்தாய்: உங்களுக்கு மட்டும்தான்ப்பா. பேஷண்ட் வீடியோ வெளில போகக் கூடாது.

நான் யாருக்குத்தா அனுப்பப் போறேன் என்று பதில் போட்டேன். அப்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ரூமுக்கு வந்து குளிக்காமல் கட்டிலில் உட்கார்ந்து அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. குனிந்து, பின்னால் நகர்ந்து, கையை விரித்துக்கொண்டு, விழுந்தால் பிடிக்கத் தயாராக என் மகள். உன் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. உச்சி வகிடுதான் தெரிந்தது. இம்புட்டு வேலை செய்த பிள்ளைக்கு ஒரு லட்டு இல்லையா என்று வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் வீடியோவை உங்க வேலு மாமாவுக்கு அனுப்பினேன்.

அஞ்சு நிமிஷத்தில் போன் வந்தது.

"மச்சான், பாத்தேன். கண்ணு கலங்கிருச்சு. இத விடக் கூடாது."

"என்ன மாப்ள செய்யலாம்?"

"என்ன செய்யலாமா? நம்ம ஊர்ல செய்யுறதச் செய்வோம். ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிர்க்க வைப்போம். அந்த டாக்டரு காரவிட்டு எறங்கயில மொத அதுதான் கண்ணுல படணும்."

வெளியூர்க்காரனுக்கு இதைச் சொன்னால் புரியாது. நமக்குக் காதுகுத்துக்கு போர்டு, கிரகப்பிரவேசத்துக்கு போர்டு. வேலு மாமா தெருவில் போர்வெல் போட்டுத் தண்ணீர் வந்ததற்கே ஒரு போர்டு வைத்தவர். நான் முதல் தடவை லீவில் வந்தபோது ஆனையூர் பஸ் ஸ்டாப்பில் என் படத்தைப் போட்டு வரவேற்பு வைத்திருந்தார்கள். கூச்சமாக இருந்தாலும் ரெண்டு நாள் அந்த வழியாகத்தான் கடைக்குப் போனேன். ஒரு ஆளை மதிக்கிறோம் என்றால் அதை ரோட்டில் வைத்துச் சொல்ல வேண்டும், அதுதான் எனக்குத் தெரிந்த வழி. உனக்கும் அது சந்தோஷமாக இருக்குமா என்று கேட்கவே தோன்றவில்லை.

நானும் வேலு மாமாவும் ரெண்டு நாள் உட்கார்ந்து வாசகம் எழுதினோம். 'நடக்க முடியாதவரை நடக்க வைத்த நாயகியே! ஆனையூர் தந்த அற்புதமே!' உன் பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டார். "மாப்ள, அவ டாக்டர் இல்ல, படிப்பே இன்னும் முடியல" என்றேன். "மச்சான், பேருக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லாட்டி மொட்டையா இருக்கு" என்றார். விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி பேரைப் பெரிய எழுத்தில் போட்டோம். நடுவில் அந்த வீடியோவிலிருந்து எடுத்த படம். கீழே வரிசையாகச் சொந்தக்காரர்கள் தலை. ஓரத்தில் கூலிங் கிளாஸ் போட்டு, கடற்கரையில் நிற்கிற நான்.

ஒரு காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வேலு மாமா அதன் படத்தை அனுப்பினார். எனக்குத் தெரிந்த அத்தனை குரூப்பிலும் போட்டேன். சைட்டில் அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

5

நீ பஸ்ஸை விட்டு இறங்கினபோதுதான் அதைப் பார்த்தாய். அப்புறம் என் போனை எடுக்கவில்லை. பத்து மணி வாக்கில் அருணிடமிருந்து மெசேஜ் வந்தது. "அக்கா அழுவுது. என்னப்பா செஞ்சு வச்சிருக்கீங்க?" எனக்குப் புரியவில்லை. சந்தோஷத்தில் அழுகிறாள் போல என்று நினைத்தேன். அம்புட்டு முட்டாள் உங்கப்பன்.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

படத்தில் அந்த அய்யாவின் வேட்டி விலகியிருந்தது. வாய் கோணியிருந்தது. போனில் சின்னதாகப் பார்த்தபோது எனக்கு உன்னைத்தான் தெரிந்தது, அவர் கண்ணில் படவே இல்லை. பத்தடி உயரத்தில் அவர்தான் தெரிந்தார். அவர் ஊர்க்காரர் யாரோ பஸ்ஸிலிருந்து பார்த்துப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மகன் ஆஸ்பத்திரிக்கு வந்து கத்தினார்.

"நாலு ஊரு பஞ்சாயத்துல உக்காந்து பேசுன மனுசன். அவரக் கொண்டாந்து நடுரோட்டுல கட்டித் தொங்க விட்டிருக்கீங்களே, நல்லா இருப்பீங்களா?"

மேடம் உன்னைக் கூப்பிட்டார். மூணு மாசத்தில் முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாராம். "மீனா, இது உனக்குத் தெரிஞ்சு நடந்ததா?"

தெரியாது, எங்கப்பா செய்தது என்று சொல்லியிருந்தால் பாதி தப்பித்திருப்பாய். நீ, "போர்டு எனக்குத் தெரியாது மேடம். ஆனா வீடியோவ எங்கப்பாவுக்கு அனுப்புனது நான்தான்" என்று சொன்னாய். காலேஜ் சொல்கிற வரைக்கும் வர வேண்டாம் என்று உன்னை அனுப்பிவிட்டார்கள். மூணாவது சீல் விழவில்லை.

வேலு மாமா மத்தியானத்துக்குள் போர்டைக் கழற்றிவிட்டார். "மச்சான், நல்லதுதான செஞ்சோம்?" என்று கேட்டார்.

6

காலேஜில், பெற்றோர் நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். கம்பெனி ஆபீஸுக்குப் போய் அவசர லீவு கேட்டேன். அங்கே இருக்கிற திருச்சூர்க்காரர் நல்ல மனுசன். படிவத்தைத் திருப்பிக் காட்டினார். மரணம், சொந்த நோய், நெருங்கிய உறவினர் நோய், திருமணம். நாலு கட்டம்.

"இதில் ஏதா அண்ணா?"

"எதுவும் இல்ல. மகளுக்குப் படிப்புல ஒரு பிரச்சனை."

"படிப்புக்குக் கட்டம் இல்லியே. என்ன பிரச்சனைன்னு பின்னாடி எழுதலாம். என்ன எழுதட்டும்?"

"போர்டு வச்சுட்டேன்னு எழுதுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆருக்கு?" என்றார். அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அண்ணா, நோய்னு ஒரு சர்டிபிகேட் கொண்டு வந்தால் நான் போட்டுத் தரலாம்" என்றார். பொய் சொல்லி இன்னொரு வினையைக் கட்டிக்கொள்ள மனசு வரவில்லை. கடைசியில் உங்க அம்மா போவது, நான் கைப்பட எழுதிய கடிதம் தபாலில் வருவது என்று காலேஜில் ஒத்துக்கொண்டார்கள். போனில் படம் எடுத்து அனுப்பியதை வாங்க மாட்டார்களாம். அசல் கையெழுத்து வேண்டுமாம்.

அந்தக் கடிதத்தை மூணு தடவை எழுதினேன். முதலில் உனக்குப் படித்துக் காட்டினேன். என் மகளுக்குத் தெரியாமல் நான் செய்தது, அந்தப் பெரியவரிடமும் ஆஸ்பத்திரியிடமும் மன்னிப்புக் கேட்கிறேன், எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: என் மகள் மிகத் திறமையாகவும் மனசோடும் வேலை செய்தவள்.

"அப்பா, கடைசி வரிய எடுத்துருங்கப்பா."

"ஏன்த்தா? உண்மைதான?"

"மன்னிப்புக் கடிதத்துல அது எதுக்கு? மறுபடியும் போர்டு வைக்குற மாதிரி இருக்கு."

எடுத்துவிட்டேன். அந்தக் கடிதத்திலேயே எனக்குச் சுலபமாக எழுத வந்தது அந்த ஒரு வரிதான்.

செய்த மூணு மாசமும் செல்லாது, வேறு ஆஸ்பத்திரியில் முதலிலிருந்து ஆறு மாசம் என்று முடிவானது. மறுபடி சம்பளம் கிடையாது, மறுபடி இன்டர்ன் அட்டை. உன் கூடப் படித்தவர்கள் பட்டத்தோடு போட்டோ போட்டபோது நீ யாருக்கோ சுடுபை சூடு பண்ணிக்கொண்டிருந்தாய். அதற்கு நான்தான் காரணம்.

இன்னொன்றும் உண்டு. இதை நீ சொல்லவில்லை, உங்க அம்மா சொன்னாள். நீயும் அம்மாவும் பஸ் ஏறி அந்த அய்யா வீட்டுக்குப் போனீர்களாம். போர்டு வைத்த நாளிலிருந்து அவர் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. கட்டிலில் படுத்திருந்தவர் உன்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாதம் மறுபடி உள்ளே மடங்கியிருந்தது. நீ அவர் பக்கம் போகாமல், வாசலில் நின்ற மகனிடம் காலை எப்படிப் பிடித்து எப்படி நீட்ட வேண்டும் என்று காற்றில் கையை வைத்துக் காட்டினாயாம். மகன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாராம். ஆனால் நீ நிறுத்தியதும், "இன்னொரு தரம் காட்டு" என்றாராம்.

அந்த அய்யா இப்போது நடக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு முகம் இல்லை.

7

நவம்பரில் லீவில் வந்தேன். நானே போய் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டு வருகிறேன் என்றேன். "நீங்க போகாதீங்கப்பா. போனா உங்க மனசு ஆறும். அவருக்கு மறுபடியும் எல்லாம் வரும்" என்றாய். இருபத்திமூணு வயசில் உனக்கு இது தெரிந்திருக்கிறது.

திரும்பிப் போகிற அன்றைக்கு, ஏர்போர்ட்டுக்குக் காரில் வரும்போது அருண் முன் சீட்டில் தூங்கிவிட்டான். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"அன்னைக்கு நான் போன் பண்ணதே நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னுதான்ப்பா."

"என்ன வார்த்தைத்தா?"

"அதான்… விடுங்க. அப்பறம் எனக்கே மறந்துபோச்சு."

விமானத்தில் யோசித்தேன், பிடிபடவில்லை. மஸ்கட்டில் இறங்கிப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது புரிந்தது. அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினோம். டாக்டர் பேரைக் கேட்டேன், ஓனர் ஊரைக் கேட்டேன். நல்லா செஞ்சிருக்கத்தா என்று உன்னிடம் சொல்லவே இல்லை. நாலு ரோட்டுக்குச் சொன்னேன், வேலு மாமாவுக்குச் சொன்னேன், இருக்கிற குரூப்புக்கெல்லாம் சொன்னேன். உனக்குச் சொல்லவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் உன்னை ஒருத்தரும் மதிக்கவில்லை என்று எனக்குக் கோபம். நீ வேறு யாரிடமும் அழாமல் என்னிடம் வந்து அழுதாய், நானும் அவர்கள் செய்ததையே செய்தேன்.

டப்பா காலி என்றதும் அழுதாயே, அந்த அழுகை நான் காது கொடுத்துக் கேட்டிருந்தாலே முடிந்திருக்கும். நான்தான் அதை முடிய விடவில்லை.

அந்த அய்யாவை நீ நடக்க வைத்தது நல்ல வேலை, ஆத்தா. ஒரு வருஷம் கழித்து எழுதுகிறேன்.

இப்போது நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் இருக்கிறாய். அட்டையில் பேர் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது என்று அம்மா சொன்னாள். சாயங்கால பஸ்ஸில் நான் இன்னும் காதில் வயரை மாட்டிக்கொண்டுதான் வருகிறேன்.

"இன்னைக்கு யாரு வந்தாத்தா?"

"வந்தாங்கப்பா. நாலஞ்சு பேரு."

"என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் இல்லப்பா. நீங்க சாப்டீங்களா?"

யாருடைய பேச்சையும் நடித்துக் காட்டுவதில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை என்பதால் நானும் துருவுவதில்லை. அருண், உனக்கும் இப்போது கேள்விக்கு ஒரு வார்த்தைதான் பதில் வருகிறது. அது வயசு என்று அம்மா சொல்கிறாள். சரி, வயசாகவே இருக்கட்டும்.

8

கொஞ்ச நாளாக எனக்கு வலது தோள்பட்டை தூக்க முடியவில்லை. வருஷக்கணக்கில் தலைக்கு மேல் கையைத் தூக்கிக் குழாய் மாட்டியதன் பலன். சட்டை போடுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். தைலம் தேய்த்துக்கொண்டு ஓட்டினேன். அம்மாவிடம் போனில் பேச்சுவாக்கில் சொன்னேன். அம்மா உன்னிடம் சொல்லியிருக்கிறாள்.

நேற்று உன் குரல் மெசேஜ் வந்தது.

"அப்பா, தோளு இறுகிருக்கு, அதான் வலி. சுவத்தப் பாத்து நில்லுங்க. விரல மட்டும் சுவத்துல வச்சு, பல்லி ஏறுற மாதிரி மெதுவா மேல ஏத்துங்க. வலிக்கிற எடத்துல நிறுத்தி அஞ்சு எண்ணுங்க. அப்பறம் அதே மாதிரி எறக்குங்க. பத்துத் தடவ. பத்துக்கு மேல வேணாம். கூடச் செஞ்சா சீக்கிரம் சரியாயிரும்னு நீங்க செய்வீங்க, எனக்குத் தெரியும். செஞ்சா வீங்கிரும்."

பேஷண்டிடம் பேசுகிற குரல். இத்தனை நாளில் அந்தக் குரலை நான் நேராகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, லீவு. காலையில் ரூம்காரர்கள் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்கள். கதவைச் சாத்திவிட்டு, கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, சுவரைப் பார்த்து நின்றேன். விரலை வைத்து ஏற்றினேன். நெஞ்சு உயரத்துக்கு வருவதற்குள்ளேயே வலி பிடுங்கியது. நிறுத்தி அஞ்சு எண்ணினேன். இறக்கினேன். ரெண்டாவது, மூணாவது. ஆறாவதில் வியர்த்துவிட்டது. எட்டாவதில் கையில் ஏதோ இளகின மாதிரி இருந்தது.

பத்தாவது தடவை விரல் முதலில் இருந்ததைவிட ஒரு சாண் மேலே போயிருந்தது. சுவரில் இருக்கிற ஸ்விட்சுக்கும் விரலுக்கும் நடுவில் ரெண்டு விரல்கடைதான் பாக்கி. கை சூடாகி, நன்றாக இருந்தது. இன்னும் ஒண்ணே ஒண்ணு ஏற்றினால் எட்டிவிடும். பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை.

கையை இறக்கிவிட்டேன். நீ பத்து என்றால் பத்துதான்.